மண் சுவரைப் பார்க்கவா மஸ்கட் வரை?

சுண்ணாம்புக்காரர் பதில்கள்

சென்ற மாதம் ஓமானில் பஹ்லா என்ற சிற்றூரின் கோட்டையைப் பற்றிப் போகிறபோக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த நாலு வரியைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கின்றன. ஆகவே இந்த முறை முழுக்க பஹ்லாதான். சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டுச் சுவரில் பூஞ்சை, குளியலறைக் கூரையில் ஒழுகல் என்று கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள். பூஞ்சை எங்கும் ஓடிவிடாது.

*

கேள்வி: டிசம்பர் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு மஸ்கட் போகிறோம். கணவரின் அண்ணன் அங்கே வேலை பார்க்கிறார். ஐந்து நாள்தான் இருக்கிறது. பஹ்லா போகலாம் என்று நான் சொன்னால், "நிஸ்வா கோட்டையைப் பார்த்தால் போதும், பஹ்லாவில் இருப்பது வெறும் மண் சுவர்" என்கிறார். அப்படியா ஐயா?
– ஒரு வாசகி, உட்லண்ட்ஸ்

அவர் சொன்னதில் பொய் இல்லை அம்மா. பஹ்லாவில் இருப்பது மண் சுவர்தான். அதற்காகத்தான் போகச் சொல்கிறேன்.

நிஸ்வாவை நான் குறைத்துப் பேசவில்லை. 1650இல் மஸ்கட்டிலிருந்து போர்த்துக்கீசியரை விரட்டிய, அன்று ஓமானை ஆண்ட இமாம் சுல்தான் பின் சைஃப் கட்டிய வட்டக் கோபுரம் அங்கே நிற்கிறது. பீரங்கிக் காலத்துக் கட்டடம். குண்டு விழுந்தாலும் அதிராமல் இருக்க, கோபுரத்தின் உள்ளே கிட்டத்தட்டப் பாதி உயரத்துக்கு மண்ணையும் கல்லையும் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். மேலே ஏறும் படிக்கட்டு திரும்பித் திரும்பிப் போகும். திருப்பத்துக்குத் திருப்பம் கதவு, தலைக்கு மேலே ஓட்டை. எதிரி ஏறி வந்தால் அந்த ஓட்டை வழியாகக் கொதிக்கும் பேரீச்சம் பாகை ஊற்றுவார்களாம். உங்கள் பிள்ளைகளுக்கு அந்த ஓட்டை ஒன்று போதும், சாப்பாட்டு மேசை வரைக்கும் அதே பேச்சாக இருக்கும். ஆனால் நிஸ்வா நன்றாகத் துடைத்து, விளக்குப் போட்டு, விளக்கப் பலகை மாட்டி வைத்திருக்கிற கோட்டை. எல்லாவற்றையும் அதுவே சொல்லிவிடும். பஹ்லா எதையும் சொல்லாது. நாம்தான் கேட்க வேண்டும்.

மஸ்கட்டிலிருந்து உள்நாட்டுப் பக்கம் சுமார் 200 கிலோமீட்டர் தூரத்தில், நிஸ்வாவைத் தாண்டி ஒரு 40 கிலோமீட்டர் போனால் பஹ்லா. ஜபல் அக்தர் மலையின் தெற்கு அடிவாரம். ஊரை நெருங்கும்போதே பேரீச்சந் தோப்புகளுக்கு மேலே கோட்டை எழும்பி நிற்பது தெரியும். மண்ணின் நிறமும் சுவரின் நிறமும் ஒன்று. எங்கே தரை முடிகிறது, எங்கே சுவர் தொடங்குகிறது என்று தூரத்திலிருந்து பிடிபடாது. 12ஆம் நூற்றாண்டிலிருந்து 15ஆம் நூற்றாண்டு முடியும்வரை இந்த வட்டாரத்தில் கொடிகட்டிப் பறந்த பனூ நப்ஹான் குலத்தாருக்கு இதுதான் தலைநகரம். கோட்டையின் புகழுக்கு அவர்கள்தான் காரணம். சுற்றியிருக்கும் தோப்பு, வீடுகள், சந்தை எல்லாவற்றையும் வளைத்துக்கொண்டு சுமார் 12 கிலோமீட்டருக்கு ஒரு மதிலும் ஓடுகிறது.

யுனெஸ்கோ இதை 1987இல் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. ஓமானிலிருந்து அந்தப் பட்டியலுக்குப் போன முதல் இடம் இதுதான். மறு வருஷமே, 1988இல், "ஆபத்தில் இருப்பவை" என்ற இன்னொரு பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். மாலை போட்ட கையோடு ஆஸ்பத்திரியில் சேர்த்த மாதிரி. காரணம் மழை. ஓமானில் மழை குறைவுதான், ஆனால் பெய்தால் கொட்டித் தீர்க்கும். சுடாத செங்கல் அதற்குத் தாங்காது. ஒவ்வொரு மழைக்கும் ஒரு பக்கம் சரிந்துகொண்டிருந்தது.

இங்கேதான் என் தொழில் புத்தி உள்ளே வருகிறது, மன்னிக்கவும். என் உழைப்புக் காலம் முழுக்கத் தேக்காவிலும் காம்போங் கிளாமிலும் பழைய கடைவீடுகளுக்குச் சுண்ணாம்புப் பூச்சு பூசுவதிலேயே போனது. அந்த வேலையில் முதல் பாடம், பழைய சுவரில் சிமெண்ட் பூசாதே என்பதுதான். ஏன்? மண்ணும் சுண்ணாம்பும் ஈரத்தை உள்ளே வாங்கும், வெயில் அடித்தால் வெளியே விடும். சிமெண்ட் விடாது. இறுகிப்போய் நிற்கும். எங்காவது மயிரிழை வெடிப்பு விழும், அது வழியே தண்ணீர் உள்ளே போகும், போன தண்ணீருக்குத் திரும்பி வர வழி இருக்காது. உள்ளே மண் சேறாகிவிடும், வெளியே பூச்சு பளபளவென்று இருக்கும். பார்க்கிறவன் நல்ல சுவர் என்று நினைப்பான். ஒரு நாள் பூச்சு மொத்தமாகத் தகடு போலக் கழன்று விழும்போது பாதிச் சுவரையும் சேர்த்துக்கொண்டுதான் விழும். இதே கதையை நம் ஊர்க் கடைவீடுகளில் கண்ணாரப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே மண் கோட்டையை மண்ணால்தான் காப்பாற்ற முடியும். பஹ்லாவில் அதற்குப் பல வருஷம் பிடித்தது. 2004இல் ஆபத்துப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். 2012இல்தான் மக்கள் உள்ளே போய்ப் பார்க்கத் திறந்துவிட்டார்கள். இதற்குப் பிறகும் வேலை முடிந்துவிட்டது என்று யாரும் கையைக் கழுவ முடியாது. மண் சுவர் என்றால் பூசிக்கொண்டே இருக்க வேண்டும்.

நீங்கள் போனால் இப்படிப் பாருங்கள். உள்ளே நுழைந்ததும் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்கள் குனிந்து பாருங்கள். அடியில் கல் இருக்கும். அதற்கு மேலேதான் மண் செங்கல் தொடங்கும். தரை ஈரம் ஏறிச் சுவரின் காலை அரித்துவிடக் கூடாது, மழைத் துளி தரையில் விழுந்து தெறிப்பதும் மண்ணில் படக் கூடாது, அதற்காகத்தான் கீழே கல். அடுத்தது, பூச்சு. காலை வெயிலோ மாலை வெயிலோ சாய்வாக விழும்போது சுவரை ஒட்டி நின்று பக்கவாட்டில் பாருங்கள். சுவர் முழுக்கப் பொடிப்பொடியாக வைக்கோல் மின்னும். மண் காயும்போது சுருங்கும், சுருங்கினால் வெடிக்கும். அந்த வெடிப்பை இழுத்துப் பிடிக்கத்தான் வைக்கோல். புதுப் பூச்சில் வைக்கோல் மஞ்சளாக இருக்கும், பழையதில் வெளுத்துச் சாம்பல் நிறமாகியிருக்கும், இன்னும் பழையதில் வைக்கோல் போய் அதன் தடம் மட்டும் பள்ளமாக இருக்கும். நான் விரலால் தடவிக்கொண்டே ஒரு சுவர் முழுக்க நடந்தேன். "ஊர் பார்க்க வந்தோமா, வேலைக்கு வந்தோமா?" என்று வீட்டம்மா கேட்டார். காவலுக்கு இருந்த பெரியவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த காய்ப்பைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

மூன்றாவது, கூரையோரத்திலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தூம்புகள். மழைத் தண்ணீர் சுவரில் வழியாமல் தள்ளிப் போய் விழ வேண்டும். தூம்பு ஒரு சாண் குட்டையாகப் போனால், அதற்குக் கீழே சுவரில் ஒரு நீண்ட வாய்க்கால் விழுந்துவிடும். அப்படி விழுந்ததும் பூசி அடைத்ததும் கூர்ந்து பார்த்தால் தெரியும்.

உள்ளே பொருட்காட்சி, பீங்கான், வாள் என்றெல்லாம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். வெறும் அறைகள், கோபுரங்கள், படிகள். பிள்ளைகள் ஓடி ஆடலாம், ஆனால் உயரமான இடங்களில் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மூத்தாருக்கும் மனம் கோணாமல் ஒரு வழி சொல்கிறேன். நிஸ்வாவில் ஓர் இரவு தங்குங்கள். முதல் நாள் நிஸ்வா கோட்டையும் சந்தையும். அது வெள்ளிக்கிழமையாக அமைந்தால் காலையில் ஆட்டுச் சந்தை நடக்கும். வட்டமாக மக்கள் நிற்க, நடுவில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு விலை கூவிச் சுற்றி வருவார்கள். மறுநாள் காலை வெயில் ஏறுமுன் பஹ்லா. பிறகு அங்கிருந்து கொஞ்ச தூரத்திலிருக்கும் ஜப்ரீன். அது கோட்டை மாதிரி தெரியும், உள்ளே போனால் மாளிகை. 1670களில் இமாம் பில்அரப் பின் சுல்தான் கட்டியது. அவரையே அங்கேதான் அடக்கம் செய்திருக்கிறார்கள். மரக் கூரையில் பூவும் கொடியுமாகச் சித்திரம். ஒரு கூடத்தில் கீழே ஒரு வரிசை, மேலே ஒரு வரிசை ஜன்னல். குளிர்ந்த காற்று கீழே வரும், சூடான காற்று மேலே போகும். பேரீச்சம்பழக் கிடங்கையும் தவறவிடாதீர்கள். பழ மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். அந்தப் பாரத்திலேயே பாகு கசிந்து, தரையில் வரிவரியாக வெட்டிய கால்வாய் வழியே ஓடிவந்து ஒரு பானையில் சேரும். செக்கும் வேண்டாம், ஆளும் வேண்டாம்.

*

கேள்வி: பாலைவன நாடு என்கிறீர்கள், தோப்பு என்கிறீர்கள். ஆறில்லாத ஊரில் தோப்புக்குத் தண்ணீர் ஏது?
– ஒரு வாசகர், ஜூரோங் வெஸ்ட்

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களுக்கு ஒரு தேநீர் வாங்கித் தர வேண்டும். கோட்டையைப் பற்றிக் கேட்கிற யாரும் தண்ணீரைப் பற்றிக் கேட்பதில்லை. தண்ணீர் இருந்ததால் தோப்பு, தோப்பு இருந்ததால் பணம், பணம் இருந்ததால் கோட்டை. அந்த வரிசையில்தான் எல்லாம் வந்தது.

ஓமானின் வடக்கே கடற்கரையை ஒட்டினாற்போல் ஹஜர் மலைத்தொடர் ஓடுகிறது. அதன் நடுப் பகுதிதான் ஜபல் அக்தர். அங்கே ஜபல் ஷம்ஸ் என்ற சிகரம் 3,000 மீட்டருக்கும் மேல். கீழே பொட்டல் வெயில் அடிக்கும்போது மேலே மேகம் முட்டி மழை பெய்யும். மலை பெரும்பாலும் சுண்ணாம்புக்கல். கல்லின் வெடிப்புகளில் இறங்குகிற தண்ணீர் அடிவாரத்துச் சரளை மண்ணில் வந்து தேங்கும். அதனால்தான் மலையைச் சுற்றி அடிவாரத்தில் மாலை கோத்த மாதிரி ஊர்கள். தெற்கே பிர்கத் அல் மவுஸ், நிஸ்வா, பஹ்லா. வடக்கே நக்கல், ருஸ்தாக். ஒவ்வொன்றிலும் தோப்பு, ஒவ்வொன்றிலும் ஒரு கோட்டை.

நிலத்தடித் தண்ணீரை வெளியே கொண்டுவர அவர்கள் செய்த ஏற்பாட்டுக்கு ஃபலஜ் என்று பெயர். மலையடியில் ஆழமாக ஒரு தாய்க் கிணறு வெட்டுவார்கள். நீர் தட்டியதும், அங்கிருந்து ஊர்ப் பக்கமாக நிலத்துக்கடியில் ஒரு சுரங்கக் கால்வாய். சாய்வு கண்ணுக்கே தெரியாத அளவுக்கு இருக்கும். அதிகம் சாய்த்தால் தண்ணீர் ஓடுகிற வேகத்தில் கால்வாயை அறுத்துவிடும், குறைத்தால் வண்டல் படிந்து அடைத்துவிடும். நடுநடுவே மேலிருந்து துளை போட்டு மண்ணை வெளியே எடுப்பார்கள். பிறகு தூர் வாரவும் அதே துளைதான். மோட்டார் கிடையாது, ஏற்றம் கிடையாது. ரசமட்டக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டே குளியலறைத் தரைக்குச் சரியான வாட்டம் வைக்கத் தெரியாத ஒப்பந்தக்காரர்களை நம் ஊரில் எனக்குத் தெரியும். இவர்கள் கிலோமீட்டர் கணக்கில் வைத்திருக்கிறார்கள்.

ஊருக்குள் வந்ததும் தண்ணீருக்கு ஒரு முறை உண்டு. முதலில் குடிக்க எடுக்கிற இடம். பிறகு பள்ளிவாசலும் குளிக்கிற இடமும். அதற்குப் பிறகுதான் தோப்பு. தோப்பிலும் நிலைத்து நிற்கும் பேரீச்சைக்கு முதல் உரிமை, பருவப் பயிர்களுக்கு மிஞ்சியது. பங்கு என்பது இத்தனை குடம், இத்தனை அங்குலம் என்று இல்லை, நேரக் கணக்கு. அரை மணி நேரத்தை ஒட்டிய ஒரு பொழுதுதான் ஓர் அளவு. பகலில் நட்டு வைத்த கோலின் நிழலைப் பார்த்தும் இரவில் நட்சத்திரம் பார்த்தும் மடை மாற்றினார்கள். இந்தக் காலத்தில் கைக்கடிகாரம். சில பங்குகளை ஏலம் விட்டு, அந்தப் பணத்தில் கால்வாயைப் பழுது பார்ப்பார்கள். நம் கிராமங்களில் முறை வைத்து மடை திறந்ததை அப்பாவோ தாத்தாவோ சொல்லக் கேட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பங்காளிச் சண்டையும் இருந்திருக்கும், அதை நான் விசாரிக்கவில்லை.

ஓமானில் இன்னும் சுமார் 3,000 ஃபலஜ்கள் ஓடுகின்றன. அவற்றில் ஐந்தை 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். நிஸ்வாவில் ஃபலஜ் தாரிஸ், பிர்கத் அல் மவுஸில் ஃபலஜ் அல் கத்மைன் இரண்டும் உங்கள் வழியிலேயே வரும். இறங்கிக் காலை நனைக்கலாம். சோப்பு போடாதீர்கள், கீழே யாரோ வீட்டுத் தோப்பு இருக்கிறது.

கால்வாய்ப் பூச்சையும் பாருங்கள். சாரூஜ் என்பார்கள். தோப்பு மண்ணைக் குழைத்து வறட்டி போலத் தட்டிக் காயவைத்து, பேரீச்ச மரக் கட்டைகளோடு அடுக்கித் தீ வைப்பார்கள். வெந்த மண்ணை இடித்துத் தூளாக்கிச் சுண்ணாம்போடு சேர்த்தால் தண்ணீருக்குள்ளேயே இறுகும் சாந்து கிடைக்கும். சுட்ட செங்கல்லை இடித்துச் சுண்ணாம்பில் கலக்கும் சுர்க்கி நம்மிடமும் உண்டு. இரண்டும் வேலை செய்கிற விதம் ஒன்றுதான்.

*

கேள்வி: சுண்ணாம்புத் தாத்தா, பஹ்லாவில் ஜின் இருக்கிறதாமே? உண்மையா? எனக்குப் பதினோரு வயது.
– பொங்கோலிலிருந்து ஒரு சிறுமி

ஓமானில் யாரிடம் பஹ்லா என்று சொன்னாலும் முதலில் ஜின் கதைதான், அதாவது கண்ணுக்குத் தெரியாத பூதக் கதைதான், வரும் கண்ணு. ஊரைச் சுற்றியுள்ள அந்த 12 கிலோமீட்டர் மதிலை ஜின்கள் ஒரே ராத்திரியில் கட்டினவாம். உனக்குக் கணக்கு வேண்டுமென்றால், உட்லண்ட்ஸிலிருந்து பீஷான் வரை நேர்கோடு போட்டால் ஏறக்குறைய அவ்வளவு தூரம். சந்தையில் ஒரு பெரிய மரம் இருந்ததாம், ஜின்கள் தூக்கிக்கொண்டு போய்விடாமல் இருக்க அதைச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்தார்களாம்.

நான் பார்க்கவில்லை. ஆனால் இரவில் அங்கே நின்றிருக்கிறேன். காற்று மண் கோபுரத்துக்குள் புகுந்து வெளியே வரும்போது ஒரு சத்தம் வரும் பார், ஜின் கதை எப்படி வந்தது என்று அப்போது புரிந்தது. கட்டியது ஜின்னாகவே இருக்கட்டும், மழையில் கரைந்ததும் மண் குழைத்துப் பூசுவது மனுஷன்தான். கூலியும் அவனுக்குத்தான்.

*

கேள்வி: செஞ்சிக் கோட்டையையே ஏறிப் பார்த்தவன் நான். மூன்று மலை, கருங்கல், களஞ்சியம், கல்யாண மகால் எல்லாம் பார்த்தாகிவிட்டது. கரைந்து போகும் மண் கோட்டைக்கு விமான டிக்கெட் தேவையா?
– ஒரு வாசகர், பிடோக்

செஞ்சி செஞ்சிதான், அதில் எனக்கும் கர்வம் உண்டு. 2025இல் மராட்டியர் கோட்டைகள் வரிசையில் அதையும் யுனெஸ்கோ சேர்த்தபோது காப்பிக்கடையில் எனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் நான்தான் சொன்னேன்.

ஆனால் ஐயா, செஞ்சியில் மலையே பாதிக் கோட்டை. கல் தன்னால் நிற்கும், ஆளே இல்லாமல் இருநூறு வருஷம் விட்டாலும் நிற்கும். பஹ்லாவைப் பத்து மழைக்கு விட்டுப் பாருங்கள். எந்தப் படையைவிடவும் அந்தச் சுவருக்கு மழைதான் பெரிய பகை. அதோடு சண்டை போட்டுக்கொண்டே நிற்கிற கோட்டையைப் பார்ப்பது வேறு அனுபவம். டிக்கெட் வாங்குவதும் வாங்காததும் உங்கள் விருப்பம், முழங்காலுக்கு பஹ்லா செஞ்சியைவிடச் சுலபம் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

*

கேள்வி: நாங்களே கார் ஓட்டிப் போகலாமா? ஜபல் அக்தர் மேலே போக சாதாரண கார் போதுமா?
– ஒரு வாசகர், செங்காங்

மஸ்கட்டிலிருந்து நிஸ்வா, பஹ்லா வரை நல்ல நெடுஞ்சாலை, சாதாரண கார் போதும். ஆனால் அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். ரவுண்டானாவில் நம் கை பழக்கதோஷத்தில் இடப்பக்கம் திருப்பும், பக்கத்தில் ஓர் ஆள் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டும். மலை மேலே போக நான்கு சக்கர இழுவை வண்டிதான் வேண்டும். அடிவாரத்தில் போலீஸ் சாவடி வைத்து மற்ற வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும் பாதை அது.

மழை அறிகுறி இருந்தால் வாடியில், அதாவது காய்ந்து கிடக்கும் ஆற்றுப்படுகையில், காரை நிறுத்தாதீர்கள். உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும், மலையில் பெய்த தண்ணீர் சுவர் போல வந்து நிற்கும். ஓடுகிற வாடியில் வண்டியை இறக்குவது அங்கே குற்றமும்கூட.

*

கேள்வி: காலும் ஒத்துழைக்கவில்லை, கையில் காசும் இல்லை. சிங்கப்பூரில் இருந்தபடியே ஓமானைக் கொஞ்சம் பார்க்க வழி உண்டா?
– ஒரு வாசகி, தோ பாயோ

உண்டு அம்மா, பேருந்துக் காசுதான் செலவு. காம்போங் கிளாமில் சுல்தான் பள்ளிவாசலை ஒட்டி மஸ்கட் ஸ்திரீட் இருக்கிறது. 2012இல் இரு நாட்டுக்காரர்களும் சேர்ந்து அதைப் புதுப்பித்தார்கள். ஓமானிய வேலைப்பாட்டில் வளைவுகள், பழைய வணிகக் காட்சிகள் தீட்டிய சுவரோவியங்கள். நிழலாக உட்கார இடமும் இருக்கிறது, காலுக்கு நல்லது.

பிறகு ஆசிய நாகரிக அரும்பொருளகம். 1998இல் இந்தோனேசியாவின் பெலித்தோங் தீவுக்கருகே கடலுக்கடியில் கண்டெடுத்த 9ஆம் நூற்றாண்டுக் கப்பலின் சரக்கு அங்கே இருக்கிறது. சீனக் கிண்ணங்கள், அடுக்கி அடுக்கி, கண் கொள்ளாத அளவுக்கு. ஏற்றிப் போன கப்பல் மேற்கே அரபுக் கடல் பக்கத்துக் கட்டுமானம். ஆணி இல்லை, பலகையில் துளை போட்டுக் கயிற்றால் தைத்த கப்பல். அதைப் போலவே ஒன்றை ஓமானில் கட்டி, தேங்காய்நார்க் கயிற்றால் தைத்து, "ஜுவல் ஆஃப் மஸ்கட்" என்று பெயரிட்டு, 2010 பிப்ரவரியில் பாய் விரித்தார்கள். கொச்சி, காலி, பினாங்கு என்று தொட்டுத் தொட்டு ஜூலையில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தது. ஓமான் சுல்தான் நமக்குக் கொடுத்த அன்பளிப்பு.

பூச்சு வேலை பார்க்க ஆசை இருந்தால் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்குப் போங்கள். இது ஓமான் இல்லை, நம் ஆட்கள் வேலை. இந்தியக் கைதிகளின் உழைப்பில் 1861இல் கட்டி முடித்த கட்டடம். உள்சுவருக்கு "மெட்ராஸ் சுண்ணம்". சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை மூன்றையும் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டு அடித்து, பூசித் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றியது. எத்தனை முட்டை உடைத்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தாலே எனக்கு மலைப்பாக இருக்கும். கைதிகளுக்குச் சாப்பிடக் கொடுத்தார்களோ இல்லையோ, சுவருக்குக் கொடுத்தார்கள்.

*

கேள்வி: சைவம் சாப்பிடுகிறவர்கள் பஹ்லா பக்கம் பட்டினி கிடக்க வேண்டுமா?
– ஒரு வாசகர், அங் மோ கியோ

மாட்டீர்கள். கேரளத்துக்காரர் கடை இல்லாத ஊர் வளைகுடாவில் கிடையாது. பரோட்டா, பருப்பு, சாயா கிடைக்கும். ஓமானியர் வீட்டில் உட்காரச் சொன்னால் ஏலக்காய் மணக்கும் காப்பியும் பேரீச்சம்பழமும் தருவார்கள், குவளை சின்னது. போதும் என்றால் குவளையை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டும். ஆட்டாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் கடைகள் சாத்தியிருக்கும், அதற்குமுன் சாப்பிட்டுவிடுங்கள்.

*

கேள்வி: பஹ்லா மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர் என்று எழுதியிருந்தீர்கள். தண்ணீர்ப் பானை ஒன்று வாங்கி வந்தால் இங்கே ஐஸ் போடாமலே தண்ணீர் குளிருமா?
– ஒரு வாசகி, தெம்பனிஸ்

குளிராது அம்மா. பானையின் நுண்துளை வழியாகத் தண்ணீர் கசிந்து, வெளியே ஆவியாகப் போகும்போதுதான் உள்ளே குளிரும். பஹ்லாவில் காற்று காய்ந்த காற்று, உடனே உறிஞ்சிக்கொள்ளும். நம் ஊர்க் காற்றே ஏற்கெனவே நனைந்து கிடக்கிறது, அது எங்கே உறிஞ்சுவது? பானை வியர்க்கும், மேசை நனையும், மேசை விரிப்பில் வட்டமாகக் கறை விழும், அவ்வளவுதான். அங்கே குயவர் பானை வனைகிறதை நின்று பாருங்கள், பார்க்கக் காசில்லை. வாங்குவதாக இருந்தால் உள்ளங்கையில் அடங்குகிற சாம்பிராணித் தட்டு ஒன்று வாங்குங்கள். கைப்பையில் துணி சுற்றி வைத்தால் உடையாது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் உபயோகமும் ஆகும். கரி போடுவதற்கு முன் அடியில் கொஞ்சம் மணல் பரப்புங்கள், இல்லாவிட்டால் மண் தட்டு சூட்டில் கீறல் விடும். புகையெச்சரிக்கைக் கருவிக்கு நேர் கீழே வைக்காதீர்கள்.